உடலுக்குள் வந்த ஓமோன் வெளியேறும் வழி

வீட்டை விட்டு அவசரமாகக் கிளம்பவேண்டி வந்த நாளில் கைக்கு அகப்பட்டவை எவை என்று நினைத்துப் பாருங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, பங்கீட்டு அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சேலைத் தலைப்பில் முடிந்த நகை, ஒரு பானை, அரைச் சாக்கு அரிசி. யன்னல் விளிம்பில் இருந்த குளிசைப் பை பெரும்பாலும் அங்கேயே இருந்துவிட்டது. 1990இல் தீவகத்தை விட்டு வலிகாமத்துக்குப் போனவர்களும், 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தவர்களும், 2009இல் வன்னியின் கடைசிக் கடற்கரை வரை போனவர்களும் இதை அறிவார்கள்.

சில மருந்துகளை ஒரு கிழமை விட்டுவிட்டால் வருத்தம் கொஞ்சம் கூடும்; பிறகு சமாளிக்கலாம். வேறு சிலவற்றை விடவே முடியாது. நீரிழிவுக்குப் போடும் இன்சுலினும் வலிப்புக்கான குளிசையும் அப்படியானவை என்பது பலருக்குத் தெரியும். அதே வரிசையில் வைக்கவேண்டிய இன்னொன்று உண்டு. அதைப் பற்றி நம்மவர் அதிகம் பேசுவதில்லை. முட்டு வருத்தம், மூட்டுவாதம், சில தோல் வருத்தங்கள், சில சிறுநீரக வருத்தங்கள் ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் கொடுக்கப்படும் ஸ்டெரொயிட் குளிசைதான் அது. பிரெட்னிசொலோன் என்ற பெயரில் வரும் சிறிய குளிசையைப் பலர் கண்டிருப்பீர்கள்.

அதைத் திடீரென நிறுத்தியவர் ஏன் மயங்கி விழுகிறார்? மருந்து உடம்பை விட்டுப் போனால் நல்லதுதானே என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், உடல் ஓர் ஓமோனை எப்படி ஆக்குகிறது, எப்படி அடக்குகிறது, எந்த வழியால் வெளியே அனுப்புகிறது என்பதை முதலில் படிக்கவேண்டும். பாடம் சற்று நீளமானது. ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருந்தால் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

நான்கு வளையங்கள்

ஓமோன் என்பது உடலுக்குள் போகும் கடிதம். ஒரு சுரப்பி அதை எழுதி இரத்தத்தில் போடுகிறது. தூரத்தில் உள்ள உறுப்பு அதை வாசித்து, சொன்ன வேலையைச் செய்கிறது. வாசித்த கடிதத்தைக் கிழித்துப் போடாவிட்டால் அதே கட்டளை திரும்பத் திரும்ப நிறைவேறிக்கொண்டிருக்கும். ஆகவே ஓமோனை ஆக்குவது எவ்வளவு முக்கியமோ, அதைத் தீர்த்துக் கட்டுவதும் அவ்வளவு முக்கியம்.

ஓமோன்களில் ஒரு குடும்பத்துக்கு ஸ்டெரொயிட் ஓமோன்கள் என்று பெயர். இவை எல்லாம் கொலஸ்திரோலில் இருந்து ஆக்கப்படுகின்றன. கொலஸ்திரோல் என்றதும் பயப்படப் பழகிவிட்டோம். அது அடியோடு இல்லாவிட்டால் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, பிள்ளையும் இல்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அதிரீனல் சுரப்பி கோட்டிசோலையும் அல்டொஸ்தரோனையும் சுரக்கிறது. ஆணின் விதையில் தெஸ்தொஸ்தரோன், பெண்ணின் சூலகத்தில் ஈஸ்திரஜனும் புரோஜெஸ்தரோனும் சுரக்கின்றன. இவை ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே சட்டகம் இருக்கிறது. நான்கு பாத்திகள் வரம்பைப் பகிர்ந்துகொண்டு ஒட்டி இருப்பது போல, நான்கு காபன் வளையங்கள் ஒட்டி இருக்கின்றன. மூன்று பாத்திக்கு ஆறு மூலை. ஒன்றுக்கு ஐந்து மூலை. வரம்பில் எங்கே எது முளைத்திருக்கிறது என்பதைப் பொறுத்தே அது ஆண் ஓமோனா, பெண் ஓமோனா, உப்பைக் காக்கும் ஓமோனா என்று தீர்மானமாகிறது.

இந்தப் பாடத்தில் கோட்டிசோலையே அதிகம் பார்க்கப்போகிறோம். வளர்ந்த ஒருவரின் உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் கோட்டிசோலை ஆக்குகிறது. விடியற்காலையில் கூடுதலாகவும் நடுச்சாமத்தில் மிகக் குறைவாகவும் அது சுரக்கும். இரத்த அழுத்தத்தைத் தாங்குவது, பசி கிடக்கும்போது இரத்தத்தில் சீனியின் அளவை விழாமல் பிடிப்பது, காய்ச்சலையும் காயத்தையும் எதிர்த்து நிற்பது எல்லாம் இதன் வேலை. அதன் ஆயுளோ மிகக் குறுகியது. இரத்தத்தில் உள்ள கோட்டிசோலில் பாதி, ஒன்று முதல் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் அகற்றப்பட்டுவிடும். சுரப்பி ஓயாமல் ஆக்குகிறது. ஈரல் ஓயாமல் அழிக்கிறது. இரண்டும் சரிசமமாக நடக்கும்வரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை.

கரையாததைக் கரைப்பது

ஸ்டெரொயிட் ஓமோன்கள் கொழுப்பு இனத்தைச் சேர்ந்தவை. தண்ணீரில் இலகுவில் கரையமாட்டா. இரத்தத்தில் போகும்போது கூடத் தனியே போவதில்லை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறும் பயணிகளைப் போல, புரதங்களில் ஏறித்தான் போகின்றன. ஆனால் சலம் என்பது தண்ணீர். கொழுப்பில் கரையும் பொருளைச் சிறுநீரகம் வடித்தாலும், அது குழாயின் சுவர் வழியாகத் திரும்ப இரத்தத்துக்குள் ஊர்ந்து வந்துவிடும். ஆகவே வெளியேற்ற முதல் அதை நீரில் கரையக்கூடியதாக மாற்றவேண்டும். அந்த வேலையின் பெரும் பங்கைச் செய்வது ஈரல்.

இங்கே ஒரு புதுமையான செய்தி. சோற்றையும் மீனையும் நமது உடல் துண்டு துண்டாக உடைத்து, கடைசியில் பெரும்பகுதியைக் காற்றாகவும் நீராகவும் ஆக்கிவிடும். ஆனால் ஸ்டெரொயிட்டின் நான்கு வளையங்களை உடைக்கும் வல்லமை மனித உடலுக்கு இல்லை. அதற்கான நொதியம் நம்மிடம் கிடையாது. ஓமோனை உடல் உடைக்கிறது என்று நாம் சொன்னாலும், உண்மையில் அதன் கூரை மழுக்கி, பொதி கட்டி, வளையங்கள் குலையாமலே வெளியே அனுப்புகிறது.

மழுக்குவது முதற்படி. ஈரலின் நொதியங்கள் வளையத்தில் ஐதரசனைச் சேர்த்து அதன் உருவத்தை மாற்றுகின்றன. திறப்பின் பல்லை அராவிவிட்டால் பூட்டுத் திறக்காதல்லவா? அதுபோல மாற்றப்பட்ட ஓமோன் எந்த உறுப்புக்கும் கட்டளை இட முடியாது. இரண்டாம் படியில் அதனோடு சீனியின் உறவுக்காரனான குளுக்குரோனிக் அமிலமோ, சல்பேற்றோ இணைக்கப்படுகிறது. கிடுகு பின்ன முதல் தென்னோலையை ஊறப்போடும்போது, மிதக்காமல் இருக்க மேலே கல்லை வைப்போம். ஏறக்குறைய அந்த வேலைதான். தண்ணீரோடு சேரமாட்டேன் என்ற பொருள் இப்போது தண்ணீருக்குள் இறங்கிவிடும். சிறுநீரகம் அதை வடித்து வெளியே விட்டுவிடும். சுரந்த கோட்டிசோலில் மாற்றம் அடையாமல் சலத்தோடு போவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

எல்லாம் சலத்தோடு போவதில்லை. ஒரு பகுதி பித்தத்தில் கலந்து குடலுக்கு வருகிறது. குடலில் வாழும் பற்றீரியாக்கள் கட்டிய கல்லை அவிழ்த்துவிட, கொஞ்ச ஓமோன் மறுபடி இரத்தத்தில் ஏறி ஈரலுக்கே வந்து சேரும். ஈஸ்திரஜன் இப்படிச் சுற்றுவது அதிகம். கையொப்பம் ஒன்று குறைகிறது என்று கந்தோருக்கும் வீட்டுக்குமாக அலையும் நமது விண்ணப்பங்களைப் போல, அதுவும் இரண்டு மூன்று தரம் அலைந்துதான் வெளியேறும்.

சலத்தைப் படித்தவர்கள்

இந்த அறிவு பெரும்பாலும் சலத்தில் இருந்தே கிடைத்தது. ஜேர்மன் இரசாயன அறிஞர் அடொல்ஃப் புற்றெனான்ற் 1929இல் கர்ப்பிணிகளின் சலத்தில் இருந்து ஈஸ்திரோன் என்ற பெண் ஓமோனைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் அமெரிக்காவில் எட்வேட் டொய்சியும் அதைச் செய்தார். 1931இல் புற்றெனான்ற் 15,000 லீற்றர் ஆண்களின் சலத்தைக் காய்ச்சி வடித்தார். கொடுத்தவர்கள் பேர்லின் நகரப் பொலிஸ்காரர்கள். கடைசியில் கிடைத்தது 15 மில்லிகிராம் அன்ட்ரோஸ்தரோன். மூன்று பிரெட்னிசொலோன் குளிசைகளில் உள்ள மருந்தின் எடைதான் அது! தெஸ்தொஸ்தரோனை ஈரல் மழுக்கியபின் வெளியேறும் பொருள்களில் அன்ட்ரோஸ்தரோன் ஒன்று. 1939இல் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

நெடுந்தீவு வாசகர்களுக்கு இன்னொரு செய்தி. சினைப்பட்ட குதிரையின் சலத்தில் ஈஸ்திரஜன் மிக அதிகம் என்று 1930இல் கண்டுபிடிக்கப்பட்டது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதில் இருந்தே ஒரு மருந்து செய்து 1940களின் தொடக்கத்தில் வட அமெரிக்காவில் விற்பனைக்கு விட்டார்கள். இன்றும் விற்கிறார்கள். உங்கள் வெட்டையில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகளும் அதே பொருளைத்தான் புல்லுக்கு ஊற்றிவிட்டுப் போகின்றன.

வைத்தியர் பெரிய போத்தல் ஒன்றைத் தந்து 24 மணித்தியாலச் சலத்தையும் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னால் வெட்கப்படாதீர்கள். கோட்டிசோல் காலமைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று மாறுவதால், ஒரு வேளைச் சலத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரு நேரச் சலத்தைத் தவறவிட்டாலும் கணக்குப் பிழைத்துவிடும். தவறினால் தவறியது என்று சொல்லிவிடுங்கள். தண்ணீர் விட்டு நிரப்பிக் கொடுக்க வேண்டாம்.

மனிதனால் உடைக்க முடியாத அந்த வளையங்கள் பிறகு என்னாகின்றன என்று கமக்காரர் கேட்பது நியாயமே. மண்ணில் வாழும் சில பற்றீரியாக்கள் அவற்றைத் தின்று உடைக்கின்றன. மக்கிய எருவிலும் உயிருள்ள மேல்மண்ணிலும் அந்த வேலை நடக்கிறது. ஆனால் நமது நிலத்தின் கீழ் இருப்பது வெடிப்பும் பொந்தும் நிறைந்த சுண்ணாம்புக்கல். மலகூடக் குழியில் இருந்து நீர் மண்ணில் தங்காமல் நேரே கிணற்றுக்கு ஓடினால் பற்றீரியாவுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. ஓமோனை விட நோய்க்கிருமியும் நைத்திரேற்றும் அங்கே பெரிய கவலை. எப்படிப் பார்த்தாலும் குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வெட்டாதிருப்பதற்கு இன்னும் ஒரு காரணம்.

நித்திரை கொள்ளும் சுரப்பி

இனிக் குளிசைக்கு வருவோம். 1948 செப்ரெம்பரில் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹென்ச் என்ற வைத்தியர், மூட்டுவாதத்தால் நடமாட முடியாதிருந்த ஒரு பெண்ணுக்குக் கோட்டிசோன் ஊசியை ஏற்றத் தொடங்கினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் கெண்டல், றைக்ஸ்ரைன் என்ற இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அற்புத மருந்து என்று எங்கும் பேச்சு. அதன் மற்றப் பக்கம் சில ஆண்டுகளில் தெரியவந்தது.

பிரெட்னிசொலோன் கோட்டிசோலின் தம்பி போன்றது. அதே நான்கு வளையம்; வலிமை மட்டும் சுமார் நான்கு மடங்கு. 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் 20 மில்லிகிராம் கோட்டிசோலுக்குச் சமன். ஈரல் இதையும் அதே பாதையால்தான் அனுப்புகிறது, சற்று மெதுவாக. இரத்தத்தில் உள்ளதில் பாதி இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் போய்விடும். செய்த வேலையின் பலன் ஒரு நாள், கூடினால் ஒன்றரை நாள் நிற்கும். குளிசையை நிறுத்தி இரண்டு நாள் ஆனபின் உடலில் அது பெயருக்குக் கூட இல்லை.

இதற்கிடையில் நமது சொந்தச் சுரப்பி என்ன செய்துகொண்டிருந்தது? மூளையின் அடியில் கபச்சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. இரத்தத்தில் கோட்டிசோல் குறைகிறதா, கூடுகிறதா என்று மூளை பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கபச்சுரப்பி மூலம் அதிரீனல் சுரப்பிக்குக் கட்டளை போகும். நாள்தோறும் குளிசை போட்டால் கணக்கு எப்போதும் நிரம்பியே இருக்கிறது, கட்டளை நின்றுவிடுகிறது. கட்டளை வராத அதிரீனல் சுரப்பி சிறுத்துப்போகிறது. மழை பெய்துகொண்டே இருந்தால் துலா மிதிக்க ஆள் தேவையில்லை. ஆனால் மாதக்கணக்கில் மிதிக்காத துலா இறுகிவிடும். மழை விட்ட மறுநாளே அதை மிதித்துத் தண்ணீர் எடுக்க முடியுமா?

மூன்று நான்கு கிழமைக்கு மேல் நாளாந்தம் ஸ்டெரொயிட் குளிசை போட்டவரின் சுரப்பி இப்படி உறங்கியிருக்கலாம். அது விழித்தெழ மாதங்கள் செல்லும். சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். குளிசையோ இரண்டு நாளில் போய்விடும். இந்த இடைவெளியில்தான் ஆள் விழுகிறார்.

சாதாரண நாளிலேயே இது ஆபத்து. இடம்பெயரும் நாள் சாதாரண நாள் அல்ல. காய்ச்சல், காயம், வயிற்றோட்டம், வெயிலில் நடை, பட்டினி, பயம் ஆகிய இவை ஒவ்வொன்றும் வரும்போது சுகமான உடல் வழமையை விடப் பல மடங்கு கோட்டிசோலைச் சுரந்து தன்னைக் காத்துக்கொள்ளும். உறங்கிய சுரப்பியால் அது முடியாது. முதலில் தாங்கமுடியாத களைப்பு, சாப்பாட்டில் வெறுப்பு, எழும்பினால் தலைச்சுற்று. பிறகு ஓங்காளம், சத்தி, வயிற்று நோ. இரத்த அழுத்தம் விழும், சீனி விழும், பேச்சுத் தடுமாறும், அறிவு மயங்கும். உடனே மருத்துவம் கிடைக்காவிட்டால் உயிர் போகலாம். ஒரு முகாமில் களைப்பும் தலைச்சுற்றும் வயிற்று நோவும் இல்லாதவர் யார்? ஆகவேதான் இது வெயில் என்றும் பசி என்றும் துக்கம் என்றும் எண்ணப்பட்டுத் தவறவிடப்படுகிறது. இவர் குளிசை போட்டவர் என்ற ஒரு சொல் வைத்தியரின் காதில் விழுந்தால் போதும். ஐதரோகோட்டிசோன் ஊசியும் சேலைனும் ஏற்றினால் பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் ஆள் தெளிவார்.

ஆகவே மாதக்கணக்கில் இந்தக் குளிசை போடுகிறவர் அதைத் தானாக நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டுமானால் வைத்தியர் கிழமைக்குக் கிழமை அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். சுரப்பி மெல்ல விழிக்கும். கடும் காய்ச்சல் வந்தாலோ, சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தாலோ, சில நாட்களுக்கு அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். அதற்கான திட்டத்தை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குளிசை வயிற்றில் நிற்காமல் சத்தி எடுத்தால் அடுத்த நாள் வரை பார்த்திருக்க வேண்டாம், ஊசிக்காக ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் இருப்பவர்களுக்கு ஒன்று அதிகம் சொல்லவேண்டும். காற்றுக் கடுமையான நாட்களில் வள்ளம் ஓடாது. கடைசிக் குளிசை முடிந்த அன்று கடல் நம்மைக் கேட்டுக்கொண்டு கொந்தளிப்பதில்லை. கிளினிக்கில் இதைச் சொல்லி, கையிருப்பு முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே அடுத்த மருந்தை எடுக்க ஒழுங்கு செய்யுங்கள்.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது சரியல்ல. தேவையில்லாமல் இந்தக் குளிசையைத் தொடர்வதும் கேடு. எலும்பு மெலியும், சீனி கூடும், கண்ணில் வெண்புரை விழும், கிருமித் தொற்று இலகுவில் பிடிக்கும். முட்டுக் கடுமையாகும்போது வைத்தியர் ஐந்து, ஏழு நாளுக்கு என்று தருவதை அந்த நாள் முடிய நிறுத்தலாம், பயமில்லை. வாயால் இழுக்கும் பம்மில் உள்ள மருந்தின் அளவு குளிசையை விட மிகக் குறைவு. ஸ்டெரொயிட் என்ற பெயரைக் கேட்டுப் பயந்து பிள்ளையின் பம்மை ஒளித்து வைக்கும் தாய்மார் உண்டு. அது பிள்ளைக்குச் செய்யும் நன்மை அல்ல.

பெயர் எழுதாத தூள்களைப் பற்றி ஒரு சொல். தெற்காசியாவின் பல இடங்களில் மூட்டு நோவுக்கும் முட்டுக்கும் மூலிகை என்று விற்கப்பட்ட தூள்களிலும் உருண்டைகளிலும் டெக்சாமெதசோன் போன்ற வலிய ஸ்டெரொயிட்கள் கலந்திருந்தது ஆய்வுகூடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. இரண்டு நாளில் நோ பறந்துவிடும், பசி எடுக்கும், சில மாதத்தில் முகம் பூரணச் சந்திரன் போல் உருளும். உடம்பு வைத்துவிட்டது என்று வீட்டார் மகிழ்வார்கள். நல்ல பரியாரியார் தன் மருந்தில் என்ன இருக்கிறது என்று சொல்லத் தயங்கமாட்டார். அப்படியான தூளை மாதக்கணக்கில் சாப்பிட்டவர் இதை வாசித்துவிட்டு இன்றே வீசிவிட வேண்டாம். மீதித் தூளோடு வைத்தியரிடம் போங்கள். நிறுத்துவதற்கும் முறை உண்டு.

ஈரலை விரட்டுவனவும் தடுப்பனவும்

ஓமோனை அனுப்பும் வேகம் எல்லாருக்கும் எப்போதும் ஒன்றல்ல. சில மருந்துகள் ஈரலை விரட்டி வேலை வாங்கும். காசநோய்க்குக் கொடுக்கும் றிஃபாம்பிசின் இதில் முதலாவது. சலத்தைச் செம்மஞ்சள் நிறமாக்கும் மருந்து என்றால் பலருக்கு விளங்கும். வலிப்புக்கான பெனிற்றோயின், காபமசெப்பின் ஆகியனவும் அப்படியே. இவற்றைத் தொடங்கியபின் பிரெட்னிசொலோன் வழமையை விட விரைவாக வெளியேறும். பழைய அளவு போதாமல் போகும். குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசையும், கையில் தோலுக்குக் கீழே வைக்கும் குச்சியும் இதே காரணத்தால் தவறக்கூடும். காசநோய் மருந்தை நிறுத்துவது இதற்குப் பரிகாரம் அல்ல. இரண்டு வைத்தியரும் மற்றவர் தந்த மருந்தை அறிந்திருக்க வேண்டும். அதுதான் பரிகாரம்.

காசநோய்க்கும் அதிரீனல் சுரப்பிக்கும் பழைய பகை ஒன்றும் உண்டு. 1855இல் இலண்டன் வைத்தியர் தோமஸ் அடிசன், இந்தச் சுரப்பி அழிந்தவர்களின் நோயை முதலில் விவரித்தார். அக்காலத்தில் அதற்குப் பெரிய காரணம் காசநோயே. நமது நாடுகளில் இன்றும் அது ஒரு காரணம். மெலிவு, களைப்பு, உப்பில் ஆசை, முரசிலும் உள்ளங்கை ரேகையிலும் கறுப்பு ஏறுதல் ஆகியன அதன் அடையாளங்கள். ஏற்கெனவே சுரப்பி நலிந்தவருக்கு றிஃபாம்பிசின் கொடுத்தால், இருக்கிற கொஞ்சக் கோட்டிசோலையும் ஈரல் வேகமாக அனுப்பிவிடும்.

எதிர்ப்பக்கமாக வேலை செய்வது ஒன்று நமது மருந்துப் பெட்டியிலேயே இருக்கிறது. அதிமதுரம். உப்பையும் நீரையும் உடலில் பிடித்து வைக்கச் சொல்லும் ஓமோன் அல்டொஸ்தரோன். அதன் பூட்டுக்குக் கோட்டிசோலும் பொருந்தும். இரத்தத்தில் கோட்டிசோலின் அளவு அல்டொஸ்தரோனைப் போல் பல நூறு மடங்கு. ஆகவே சிறுநீரகம் வாசலில் ஒரு காவல் வைத்திருக்கிறது. வரும் கோட்டிசோலைக் கோட்டிசோனாக மாற்றி மழுக்கும் நொதியம் அது. அதிமதுரத்தில் உள்ள இனிப்புப் பொருள் அந்தக் காவலைத் தடுத்துவிடும். கோட்டிசோல் உள்ளே புகுந்து அல்டொஸ்தரோனின் வேலையைச் செய்யும். இரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும், பொற்றாசியம் குறைந்து தசை சோரும். வயிற்றுப் புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்த ஒல்லாந்து வைத்தியர் ஒருவர் 1940களில் நோயாளிகள் வீங்குவதைக் கண்டு எழுதினார். காரணம் விளங்கப் பல பத்து ஆண்டுகள் சென்றன. தொண்டைக்குச் சிறு துண்டை இரண்டு நாள் சப்புவதைப் பற்றிச் சொல்லவில்லை. பிரஷர் குளிசை போடுகிறவர்கள் கிழமைக்கணக்கில் கசாயமாகக் குடிக்க வேண்டாம்.

கசிப்பும் சாராயமும் செய்யும் வேலை வேறு விதம். பல ஆண்டுக் குடியால் ஈரல் கல்லாகும்போது ஓமோன்களின் கணக்குக் குழம்புகிறது. ஆணின் தெஸ்தொஸ்தரோன் குறையும்; அதில் ஒரு பகுதி ஈஸ்திரஜனாக மாறும்; அந்த ஈஸ்திரஜனைச் சரியாக அனுப்ப ஈரலுக்குப் பலம் இல்லை. மார்பு பருக்கும், உள்ளங்கை சிவக்கும், தோளிலும் நெஞ்சிலும் சிலந்திக் கால் போல் செந்நரம்பு தோன்றும். அல்டொஸ்தரோனும் மிகுந்து நிற்பதால் உப்பும் நீரும் தேங்கி வயிறு பானை போலாகும். இதைக் கண்டு பகிடி பண்ணுகிறவர்கள், அந்த ஆளின் ஈரல் உள்ளே என்ன பாடுபடுகிறது என்று தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள்.

கிளினிக்கில் தாய்மார் கேட்கும் ஒரு கேள்விக்கும் இங்கே இடம் கொடுக்கலாம்: மூன்று மாத ஊசி உடம்பில் மூன்று மாதம் ஊறிக் கிடக்கிறதா? ஈரல் அதையும் நாள்தோறும் அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஊசி மருந்து தசைக்குள் நுண்ணிய பளிங்குகளாகத் தங்கி மெல்ல மெல்லக் கரைவதால், போகப் போக வந்துகொண்டிருக்கும். ஆகவேதான் ஊசியை நிறுத்திய பின்பும் பிள்ளை தரிக்கப் பல மாதம் செல்கிறது. மலடாகிவிட்டேன் என்று அழவேண்டியதில்லை.

கையில் வைத்திருக்கும் துண்டு

ஒரு கொப்பித் தாள் போதும். ஸ்டெரொயிட் குளிசை போடுகிறவரின் பெயர், வயது, என்ன வருத்தம், எந்தக் கிளினிக் என்பதை எழுதுங்கள். அதன் கீழே குளிசையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலமை எத்தனை, எந்த மாதத்தில் தொடங்கியது, மற்றும் போடும் மருந்துகள் எவை என்று எழுதுங்கள். கடைசி வரியைப் பெரிய எழுத்தில், இயலுமானால் சிங்களத்திலும் எழுதுவியுங்கள்: “இவர் நாளாந்தம் ஸ்டெரொயிட் குளிசை போடுகிறவர். திடீரென நிறுத்தக் கூடாது. மயங்கினாலோ சத்தி எடுத்தாலோ ஐதரோகோட்டிசோன் ஊசி தேவை.” இதைக் கிளினிக் தாதியிடம் காட்டிச் சரிபார்த்து, பொலித்தீன் பையில் இட்டு, அடையாள அட்டையோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். அடுத்தமுறை குளிசையின் அளவு மாறும்போது பழைய துண்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதவேண்டும்.